‘உங்கள் ஆய்வேட்டில் 68% ஏஐ’: அந்த எண்ணை என்ன செய்வது?

கேள்வி: கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிப் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிதான் படித்தேன். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் நானேதான் எழுதினேன். இலக்கணம் பார்க்க மட்டும் கிராமர்லி வைத்துக்கொண்டேன். மூன்றாம் இயலை டர்னிட்டின் என்ற கருத்துத்திருட்டுச் சோதனை மென்பொருளில் போட்டுப் பார்த்த என் நெறியாளர், “68% ஏஐ என்று வருகிறது. யுஜிசி விதிப்படி பத்துக்குள் கொண்டு வா” என்கிறார். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க இரண்டே மாதம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் “ஹியூமனைசர் போட்டு ஜீரோ ஆக்கித் தருகிறோம்” என்று பக்கக் கணக்கில் காசு கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமைத் திறந்தாலும் அதே விளம்பரம்தான். கொடுத்துவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத ஆய்வாளர், சேலம் மாவட்டம்

பதில்:

கொடுக்காதீர்கள். ஒரு பக்கம்கூடக் கொடுக்க வேண்டாம். அந்த இயலை நீங்களே எழுதினீர்கள் என்றால், அது வாரக்கணக்கில் உங்கள் கையில் வளர்ந்ததற்கான தடயம் உங்கள் கணினியிலும் மின்னஞ்சலிலும் இருக்கும். இன்று உங்களிடம் உள்ள பலம் அதுதான். ஏஐ சாயல் தெரியாதபடி சொற்களை மாற்றும் ஹியூமனைசர் செயலியில் போட்டு எடுத்துவிட்டால், கையில் இருக்கும் எழுத்துக்கும் அந்தத் தடயத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். செய்யாத தப்பை மறைக்கப் போய் அதையே செய்தவராகிவிடுவீர்கள்.

முதலில் அந்தப் ‘பத்துக்குள்’ என்ற பேச்சைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில் சதவீத அடுக்குகள் இருப்பது உண்மை. 10% வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் இவை அத்தனையும் சிமிலாரிட்டிக்கு, அதாவது ஏற்கெனவே வெளிவந்த வேறொரு எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு பொருந்துகிறது என்பதற்குப் போட்ட அடுக்குகள். அந்த விதிமுறை வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 30 அன்றுதான் சாட்ஜிபிடியே பொதுமக்கள் கைக்கு வந்தது. 68 என்ற ஏஐ எண்ணை அந்த அடுக்குகளில் வைத்து அளப்பது, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்து ரத்த அழுத்தம் சொல்வது போல. உங்கள் பல்கலைக்கழகம் ஏஐக்கென்று தனிச் சுற்றறிக்கை விட்டிருக்கக்கூடும். அப்படி இருந்தால் எண்ணும் தேதியும் போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்தது அந்த 68. உங்கள் இயலில் 68 பங்கை இயந்திரம் எழுதியது என்று யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. டர்னிட்டின் உரையைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பெண் போடுகிறது. ஏஐ எழுத்து போலத் தோன்றும் பகுதி, கணக்கில் எடுத்துக்கொண்ட உரைநடையில் எவ்வளவு என்பதே அந்தச் சதவீதம். அட்டவணையும் புள்ளியிட்ட பட்டியல்களும் அந்தக் கணக்கில் வராது. சிமிலாரிட்டி அறிக்கையில் “இந்த வரி இன்ன நூலில் இருக்கிறது” என்று மூலத்தைக் காட்டுவார்கள். நீங்களும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏஐ அறிக்கையில் காட்டுவதற்கு மூலம் எதுவும் கிடையாது. அது ஓர் ஊகம், ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியில்லாத ஊகம்.

அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பாருங்கள். ‘ஆடிப்பட்டம் தேடி’ என்று சொல்லி நிறுத்தினால், அடுத்த சொல்லை நம் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். ‘நேற்று சந்தையில் ஒரு’ என்று நிறுத்தினால் அடுத்தது ஆட்டுக்குட்டியாக இருக்கலாம், அரிவாளாக இருக்கலாம், சண்டையாகவும் இருக்கலாம். சாட்ஜிபிடி போன்ற ஏஐக்களின் அடிப்படையான மொழி மாதிரிகள் எழுதுவது பெரும்பாலும் முதல் வகை, எளிதில் ஊகிக்கக்கூடிய அடுத்த சொல். அதனால் ஊகிக்க எளிதான உரையை ‘இயந்திரம்’ பக்கமும், ஊகிக்க முடியாததை ‘மனிதர்’ பக்கமும் தள்ளுவதுதான் இத்தகைய கருவிகள் பலவற்றின் அடிப்படை. வாக்கியங்களின் நீளம் ஏறி இறங்குகிறதா, ஒரே சீராக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் மூன்றாம் இயலை எடுத்துப் பாருங்கள். அது ஆய்வு முறையியலாகவோ தரவுப் பகுப்பாய்வாகவோ இருந்தால், ‘தி பிரசன்ட் ஸ்டடி இஸ் அன் அட்டெம்ப்ட் டு அனலைஸ்’ என்று தொடங்கியிருப்பீர்கள். ஒவ்வோர் அட்டவணைக்குக் கீழும் ‘இட் இஸ் இன்ஃபர்ட் ஃப்ரம் தி அபவ் டேபிள் தட்’ என்று எழுதியிருப்பீர்கள். மாதிரித் தேர்வு, பர்சென்டேஜ் அனாலிசிஸ், கை-ஸ்கொயர் சோதனை எல்லாமே ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களில் வந்திருக்கும். உங்கள் துறையில் முப்பது ஆண்டுகளாக எல்லா ஆய்வேடுகளும் அப்படித்தான் எழுதப்பட்டன. எழுதச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். ஆடிப்பட்டம் போல அடுத்த சொல் தெரிந்துவிடும் நடை அது. கருவிக்கு இடறுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் ஏஐ எழுதியவை என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ அதே கருவிகள் ஏறக்குறைய சரியாகவே கணித்தன. இதில் மனதை உறுத்தும் பகுதி இனிமேல்தான். அந்த டோஃபெல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னபோது தவறான முத்திரை சுமார் 12 சதவீதமாகக் குறைந்தது. சொந்தமாக எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், இயந்திரத்தைக் கொண்டு மெருகேற்றியவர் தப்பிக்கிறார். அந்த ஏழில் டர்னிட்டின் இல்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 300 சொல்லுக்கு மேற்பட்ட எழுத்துகளில் தங்கள் கருவி இப்படிப் பாகுபாடு காட்டுவதில்லை என்று அந்நிறுவனம் சொல்கிறது. எனவே இந்த ஆய்வைக் காட்டி ‘டர்னிட்டின் தவறு’ என்று வாதாடாதீர்கள். இந்த வகைத் தவறு நடக்கக்கூடியது என்பதை நிறுவ மட்டும் இது போதும்.

சமூக ஊடகங்களில் சுற்றும் ‘அடையாளப் பட்டியல்’களும் இதே குறையுள்ளவைதான். நீள்கோடு போட்டால் ஏஐ, ‘டெல்வ்’ (ஆழ்ந்து ஆராய்தல்) என்று எழுதினால் ஏஐ என்கிறார்கள். 2024 ஏப்ரலில் சிலிக்கான் வேலி முதலீட்டாளர் பால் கிரஹாம் ‘டெல்வ்’ என்ற சொல்லைச் சாட்ஜிபிடியின் அடையாளமாகச் சொன்னபோது, அது தாங்கள் பள்ளியில் படித்த ஆங்கிலம் என்று நைஜீரியர்கள் திரண்டு பதில் சொன்னார்கள். அந்த மறுப்பு நமக்கும் பொருந்தும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010 முதல் 2024 வரை வந்த ஒன்றரைக் கோடி மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களின் சொற்களை எண்ணிப் பார்த்தவர்கள், 2024இல் வந்தவற்றில் குறைந்தது 13.5 சதவீதம் மொழி மாதிரிகளின் கைபட்டவை என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு முறையானது. ஆனால் லட்சக்கணக்கான உரைகளை மொத்தமாக வைத்துச் சொல்லக்கூடியதை ஒரே ஒருவரின் ஒரே இயலுக்கு நேராக நீட்ட முடியாது.

கருவி செய்பவர்களே எவ்வளவு எச்சரிக்கையோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் தன் சொந்தக் கண்டறிவுக் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குற்றம் சாட்டியது. துல்லியம் குறைவு என்று சொல்லி ஜூலையில் அவர்களே திரும்பப் பெற்றார்கள். டர்னிட்டின், 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் ஆவணங்களில் தவறு 1 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அந்த ஒரு சதவீதத்தையே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டது. 2022இல் அங்கே டர்னிட்டினுக்குப் போனவை 75,000 கட்டுரைகள். ஒரு சதவீதம் என்றால் 750 கட்டுரைகள் மீது வீணாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். மாணவர் மீது நடவடிக்கை எடுக்க இந்த எண்ணை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக்கூடாது என்று டர்னிட்டினின் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை உங்கள் அறிக்கையில் தேடி எடுத்து அடிக்கோடிடுங்கள். உங்கள் நெறியாளரிடம் பேச அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 68 என்பது சிறிய எண் அல்ல. அதைப் பார்த்த நெறியாளர் ‘என்ன இது’ என்று கேட்டதில் தவறே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. எழுத்தைச் சலவை செய்து அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

ஹியூமனைசர் உங்கள் எழுத்தை என்ன செய்யும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஊகிக்க எளிதான சொல்லை எடுத்துவிட்டு, ஊகிக்கக் கடினமான சொல்லை வைப்பதுதான் அதன் வேலை. ஆய்வில் கலைச்சொல்தான் ஊகிக்க எளிதான சொல், எனவே முதலில் அடிபடுவது கலைச்சொல். உங்கள் ஆய்வில் ‘வார்ப்’ என்றால் பாவு நூல். செயலி அதைக் கோணல் என்ற பொருளில் எடுத்துக்கொண்டு வேறு சொல்லை வைத்துவிடக்கூடும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து “இது என்னம்மா?” என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. இப்படிச் சொல் மாற்றியதில் வந்த அபத்தங்களை 2021இல் கியோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் ஆய்விதழ்களிலிருந்தே தொகுத்துக் காட்டினார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற இடத்தில் ‘கள்ள உணர்வு’ என்று பொருள்படும் தொடரும், மார்பகப் புற்றுநோய் என்ற இடத்தில் ‘நெஞ்சு அபாயம்’ என்று பொருள்படும் தொடரும் அச்சேறியிருந்தன. போதாததற்கு, ஹியூமனைசரில் போட்ட எழுத்தையே தனியாகப் பிடிக்கும் வசதியை டர்னிட்டின் 2025இல் சேர்த்துவிட்டது. இன்று பூஜ்யம் காட்டுவது ஆறு மாதம் கழித்து என்ன காட்டும் என்று அந்தக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

இன்னொரு ஆபத்தும் அதே கடையில் இருக்கிறது. வெளியே யாரோ ஒருவரின் டர்னிட்டின் கணக்கில் உங்கள் இயலைப் போட்டு ‘ரிப்போர்ட்’ எடுக்கும்போது, சேமிப்பு அமைப்பு திறந்திருந்தால் அந்த இயல் டர்னிட்டினின் களஞ்சியத்தில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு பல்கலைக்கழக நூலகம் முறைப்படி சோதிக்கும்போது உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக நூறு சதவீதம் வரை பொருந்தும். அதற்குத்தான் யுஜிசி அடுக்கு உண்மையிலேயே பொருந்தும். எங்கே சோதித்தாலும் ‘களஞ்சியத்தில் சேமிக்க வேண்டாம்’ என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதிவேற்ற வேண்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இப்போதே நெறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி தடயங்களைத் திரட்டும் வேலை. இன்றே தொடங்குங்கள். வேர்டில் எழுதியிருந்தால் பழைய கோப்புகளைத் திறந்து சேமிக்காதீர்கள், திருத்திய தேதி மாறிவிடும். முதலில் முழு ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். நகலில் விண்டோஸ் காட்டும் உருவாக்கிய தேதி மாறியிருக்கும். பதற வேண்டாம். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ் போனால் ‘கன்டென்ட் கிரியேட்டட்’ என்ற உள் தேதி மாறாமல் இருக்கும். ‘டோட்டல் எடிட்டிங் டைம்’ என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது மணி நேரம் என்று இருந்தால் அது பேசும். ஆனால் கோப்பு சும்மா திறந்து கிடந்த நேரமும் அதில் சேரும் என்பதால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. புதிய கோப்பில் வெட்டி ஒட்டியிருந்தால் எண் மிகக் குறைவாகக் காட்டும். அந்தக் காரணத்தை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். ஒன்டிரைவில் வைத்திருந்தால் ஃபைல், இன்ஃபோ, வெர்ஷன் ஹிஸ்டரி.

கூகுள் டாக்ஸ் என்றால் வேலை எளிது. ஃபைல், வெர்ஷன் ஹிஸ்டரி, சீ வெர்ஷன் ஹிஸ்டரி என்று போனால் எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த வரி சேர்ந்தது என்று நிறத்தோடு காட்டும். ‘மேக் எ காப்பி’ மட்டும் செய்துவிடாதீர்கள். நகலுக்கு அந்த வரலாறு போகாது. பழைய வெர்ஷன்களைக் கூகுள் காலப்போக்கில் ஒன்றாகச் சேர்த்துவிடுவதும் உண்டு, எனவே முக்கியமானவற்றுக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட வலுவானது உங்கள் கையில் இல்லாத தேதி. நெறியாளருக்கே நீங்கள் அனுப்பிய முந்தைய வரைவுகள் மின்னஞ்சலில் இருக்கும். அந்தத் தேதியை நீங்கள் மாற்றியிருக்க முடியாது. அவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த பிரதிகளைத் தேடி எடுங்கள். நெசவாளர்களிடம் நிரப்பி வாங்கிய வினாத்தாள்கள், தமிழில் எழுதிய களக்குறிப்பு நோட்டு, புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸின் அவுட்புட் கோப்புகள், மேற்கோள்களைத் தொகுக்கும் சொட்டேரோவிலோ மெண்டலேயிலோ ஒவ்வொரு கட்டுரையும் சேர்ந்த நாள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். களக்குறிப்பில் ‘கூலி பாக்கி மூன்று மாதம், சங்கத்தில் நூல் வரவில்லை’ என்று ஒரு வரி இருந்து, அதுவே இயலில் ஆங்கில வாக்கியமாக வளர்ந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டர்னிட்டின் அறிக்கையில் நிறம் பூசிக் காட்டும் பத்திகளில் ஐந்துக்கு இப்படிச் செய்தால் போதும்.

வேறு நான்கு இலவசக் கருவிகளில் போட்டு ‘இதில் பூஜ்யம்தான் வருகிறது’ என்று கொண்டு போகாதீர்கள். டர்னிட்டின் எண் சான்று இல்லை என்றால் அந்தப் பூஜ்யமும் சான்று இல்லை. ‘இதை நீ எழுதினாயா’ என்று சாட்ஜிபிடியிடம் யாராவது கேட்டுப் பார்த்தாலும் அதுவும் செல்லாது. தான் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்று சரிபார்க்கும் பதிவேடு அதனிடம் இல்லை. 2023 மே மாதம் டெக்சாஸில் ஓர் ஆசிரியர் அப்படிக் கேட்டுவிட்டு வகுப்பின் மதிப்பெண்களையே நிறுத்தி வைத்தது பெரிய செய்தியானது. கேட்க வேண்டிய சோதனை வேறு. 2022 நவம்பருக்கு முன் உங்கள் துறையில் ஒப்படைத்த ஓர் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை, நூலகத்தில் அதே கருவியில், சேமிக்காத அமைப்பில் போடச் சொல்லுங்கள். அதைச் சாட்ஜிபிடி எழுதியிருக்க வழியே இல்லை. அதிலும் முப்பது நாற்பது என்று வந்தால், உங்கள் துறை நடைக்கு அந்த எண்ணின் மதிப்பு என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூஜ்யம் வந்தால் உங்கள் மேல் உள்ள கேள்வி கொஞ்சம் கனக்கும், அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராகப் போங்கள். கூடவே நீங்களே முன்வந்து, “நிறம் பூசிய பத்திகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து இருபது நிமிடம் கேளுங்கள்” என்று சொல்லுங்கள். 300 பேர் மாதிரி என்றால் ஏன் 300, எந்தச் சங்கங்கள், யார் பதில் சொல்ல மறுத்தார்கள் என்பதெல்லாம் களத்துக்குப் போனவருக்குத்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடம் மட்டும் எனக்கு நெருடுகிறது. ‘இலக்கணம் பார்க்க மட்டும் கிராமர்லி’ என்கிறீர்கள். எழுத்துப்பிழையும் காற்புள்ளியும் திருத்தியதா, ‘ரீரைட்’ அழுத்தி வாக்கியத்தையே மாற்றச் சொன்னீர்களா? தமிழில் எழுதி, சாட்ஜிபிடியிலோ வேறெதிலோ ஆங்கிலமாக்கிய பத்தி ஏதாவது உண்டா? வாக்கியத்தை மாற்றி எழுதித் தரும் குவில்பாட் பயன்படுத்தினீர்களா? தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பலர் இதைத் தவறென்று நினைக்காமலே செய்கிறார்கள். கருத்தும் தரவும் அவர்களுடையவைதான். ஆனால் அப்படிப் பிறந்த ஆங்கில வாக்கியம் இயந்திரத்தின் வாக்கியம்தான், கருவி அதைப் பிடித்தால் அது கருவியின் பிழை ஆகாது. அப்படி இருந்தால் எந்தப் பத்திகள், எந்தச் செயலி, எதற்காக என்று பட்டியலிட்டு நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்தப் பத்திகளை உங்கள் ஆங்கிலத்தில் திரும்ப எழுதுங்கள். வாக்கியம் குட்டையாக, கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் பரவாயில்லை. இரண்டு மாதத்தில் ஓர் இயலுக்கு இது தாராளமாக முடியும். மேற்கோள் பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள். இல்லாத கட்டுரை ஒன்று அதில் இருந்துவிட்டால் மற்ற எந்த விளக்கமும் எடுபடாது.

கடைசியாக, எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். நெறியாளருக்கு மரியாதையோடு ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தக் கருவியில் எந்தத் தேதியில் சோதித்தது, சதவீதம் மட்டுமல்லாமல் நிறம் பூசிய முழு அறிக்கை, எந்த விதியின் கீழ் வரம்பு சொல்லப்படுகிறது ஆகிய மூன்றையும் கேளுங்கள். தடயங்களின் பட்டியலை இணைத்து, நேரில் விளக்க நாள் கேளுங்கள். பேச்சு கசந்து கருத்துத்திருட்டுப் புகாராக மாறினால், 2018 விதிமுறைப்படி அது துறைசார் கல்வி நேர்மைக் குழுவுக்குப் போக வேண்டும். அந்தக் குழு இயற்கை நீதியைப் பின்பற்றி, உங்கள் பக்கத்தையும் கேட்டு, புகார் வந்த 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். குழுவில் துறைத் தலைவரோடு, துறைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த கல்வியாளரும் இந்தக் கருவிகளை அறிந்த ஒருவரும் இருக்க வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பிரதியில் துறை அலுவலக முத்திரையும் பெற்றுக்கொண்ட தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.